இன்னைக்கு என்ன கலர்?

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் போதைப்பொருள் வழக்கில் மாட்டியவர்களுக்கு ஒரு போன் நம்பர் கொடுப்பார்கள். கூடவே ஒரு நிறம். விடிகாலை ஐந்து மணிக்கு மேல் அந்த நம்பரைக் கூப்பிட்டால், பதிவு செய்து வைத்த குரல் அன்றைய நிறங்களை வாசிக்கும். நம் நிறம் வந்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சிறுநீர் கொடுத்துவிட்டு வர வேண்டும். நம் நிறம் வராவிட்டால் மறுநாள் மறுபடி கூப்பிட வேண்டும். தீபாவளி, காய்ச்சல், இரட்டை ஷிஃப்ட் எதுவும் கணக்கில் வராது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு அண்ணாவின் மூலம். உடன்பிறந்தவர் இல்லை. நான் கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்து இறங்கிய வாரம், ரசமும் கூட்டும் டப்பாவில் போட்டு வாசலில் கொண்டுவந்து வைத்த குடும்பம். பல வருடப் பழக்கம். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு அவரிடமிருந்து போன்.

"நீ மட்டும் வாம்மா. மாப்பிள்ளைகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

போனேன். அண்ணி சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பையன் கவுண்டி ஜெயிலில் இருந்தான். இருபத்தொரு வயது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியிருக்கிறது. கியர் பக்கத்தில் ஒரு சின்ன ஜிப் பையில் நாலு நீல மாத்திரை. ஒரு பக்கம் 'எம்' என்ற எழுத்து, மறுபக்கம் 30. ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரையின் அடையாளம் அது. தெருவில் அந்த அச்சில் விற்பதில் பெரும்பாலும் ஃபென்டனில் என்ற கடும் வீரியமுள்ள செயற்கைப் போதைமருந்துதான் இருக்கிறது. கணுக்காலில் ஆபரேஷன் ஆனபோது ஆரம்பித்த பழக்கம் இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. பக்கத்து அறையில் படுத்திருந்த பெற்றோருக்குத் தெரியவில்லை.

"எங்க வம்சத்துல யாரும் கோர்ட்டுப் படி ஏறினதில்லம்மா" என்று அண்ணா திரும்பத் திரும்பச் சொன்னார். "மாத்திரை" என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. "அது" என்றார். "அது அவன்கிட்ட இருந்துச்சாம்."

இரண்டு ராத்திரி ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் தெம்பாகத்தான் பேசினார்: நம் கவுண்டியில் ட்ரக் கோர்ட் இருக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து, பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் சொன்னபடி நடந்துகொண்டால் கேஸையே தள்ளுபடி செய்துவிடுவார்கள், ஜெயில் கிடையாது. அண்ணாவின் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அந்தக் கையெழுத்து என்ன செய்திருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் அந்தக் கோர்ட்டைச் சொல்ல வேண்டும். பையனின் முதல் வாய்தா ஒரு வியாழக்கிழமை மதியம். அண்ணாவால் வர முடியவில்லை. வாசல் வரை வந்து காரிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பையனும் உள்ளே போனபோது, எங்கள் கேஸுக்கு முன்னால் அதே அறையில் வக்கீல் சொன்ன அந்த ட்ரக் கோர்ட் நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதல் ஐந்து நிமிடம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கோர்ட்டில் யாரோ கைதட்டினார்கள். டயர் கடை சட்டை போட்ட ஒருவர் ஜட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "எத்தனை நாள்?" என்று ஜட்ஜ் கேட்க, "நூற்றுப் பன்னிரண்டு" என்றார் அவர். மறுபடி கைதட்டல். அரசுத் தரப்பு வக்கீலும் தட்டினார். அவரை உள்ளே தள்ள வாதாட வேண்டிய ஆள் அவர். பிறகு ஜட்ஜ், "உங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய மடித்த சீட்டுகள். அந்த மனிதர் கையை விட்டு ஒன்றை எடுத்தார். பெட்ரோல் போட பத்து டாலர் கார்டு. டயர் கடைக்காரர் அதை லாட்டரி விழுந்தவர் மாதிரி பிடித்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நான் பல வியாழக்கிழமைகள் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் ஜட்ஜுக்கு எப்படித் தெரியும் என்று அங்கே போய்த்தான் புரிந்தது. கோர்ட் கூடுவதற்கு முன்பே ஜட்ஜ், இரு தரப்பு வக்கீல்கள், ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அதிகாரி, சிகிச்சை தரும் ஆலோசகர், ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு ஆளைப் பற்றியும் பேசி முடித்துவிடுகிறார்கள். வேலை போனதா, வீடு இருக்கிறதா, பஸ் பாஸ் வேண்டுமா என்பது வரை. இந்த மாதிரி கோர்ட்டுகளை ஆராய்ந்தவர்கள் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: ஜட்ஜ் ஒரு ஆளோடு சராசரியாக மூன்று நிமிடமாவது பேசும் கோர்ட்டுகளில் மறுபடி குற்றம் செய்கிறவர்கள் கணிசமாகக் குறைகிறார்கள். மூன்றே நிமிடம். நம் வீடுகளில் பிள்ளையோடு அந்த மூன்று நிமிடத்தை நாம் எப்படிப் பேசுகிறோம் என்று அன்று காரில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

இதன் ஆரம்பம் 1989, ஃப்ளோரிடாவின் மியாமி-டேட் கவுண்டி. கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருள் தலைவிரித்தாடிய காலம். பிடித்த ஆளையே மறுபடி மறுபடி பிடித்து, ஜெயில் நிரம்பி வழிந்தது. ஹெர்பர்ட் க்ளைன் என்ற நீதிபதி திட்டம் வகுத்தார். ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்ற நீதிபதி அந்தக் கோர்ட்டில் முதலில் உட்கார்ந்தார். அன்று அந்தக் கவுண்டியின் அரசுத் தரப்புத் தலைமை வக்கீல் ஜேனட் ரீனோ. நான்கு வருடம் கழித்து நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனவர். இன்று அமெரிக்காவில் இப்படி நாலாயிரத்துக்கும் மேல் கோர்ட்டுகள் இருக்கின்றன. 1997-இல் பக்கத்துக் கவுண்டியான ப்ரோவர்டில் மனநோயாளிகளுக்கென்று ஒன்று வந்தது. 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ராபர்ட் ரஸல் என்ற நீதிபதி ஒன்றைத் தொடங்கினார். அங்கே வழக்கில் மாட்டிய வீரனுக்குத் துணையாக இன்னொரு முன்னாள் வீரர் கூடவே வருவார்.

இவற்றால் பலன் உண்டா? 23 ட்ரக் கோர்ட்டுகளை வைத்து அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாதம் கழித்து விசாரித்தபோது, இந்தக் கோர்ட்டுகளுக்குப் போனவர்களில் 56 சதவீதம் பேர் கடந்த ஒரு வருடத்தில் போதையைத் தொட்டிருந்தார்கள். போகாதவர்களில் 76 சதவீதம். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை; பாதிக்கு மேல் சறுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த இருபது சதவீதத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நான் பார்த்த வியாழக்கிழமைகள் எல்லாம் கைதட்டல் வியாழக்கிழமைகள் இல்லை. கிடங்கில் இரவு வேலை பார்க்கும் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். சீருடையோடு அப்படியே வந்திருந்தார். ஒரு டெஸ்டுக்குப் போகவில்லை. ஏன் என்று ஜட்ஜ் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "போட்டுக்கிட்டேன். அதான் போகலை" என்றார். அறையில் சத்தமே இல்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார் ஜட்ஜ். அடுத்த வாரம் முழுநாளும் வந்து ஜூரி இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்களின் கதையைக் கேட்க வேண்டும், ஆலோசகரை வாரம் ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அடுத்து வந்த பையன், தண்ணீரை நிறையக் குடித்து மாதிரியை நீர்க்கச் செய்திருந்தான். கேட்டபோது இல்லவே இல்லை என்றான். இரண்டு நாள் ஜெயில். பின் பெஞ்சில் அவன் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விலங்கு மாட்டினார்கள். அந்த அம்மாவின் மடியில் அவனுடைய ஜாக்கெட் இருந்தது. அவன் போன பிறகும் அதை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் நான் இந்தக் கோர்ட்டுகளோடு முரண்படுகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதை மிகுதியால் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. உள்ளே இருக்கும்போது உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. இரண்டு நாள் ஜெயில் என்பது அந்த ஆய்வில் வரும் சிறைவாசம் மாதிரி நீண்டது இல்லைதான். ஆனால் ஃபென்டனில் காலத்தில், சறுக்கிய ஆளைச் சிகிச்சையிலிருந்து பிய்த்துக் கொண்டுபோய் இரண்டு நாள் அடைத்துவிட்டு வெளியே விடுவதை என்னால் "பாடம்" என்று சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. மெத்தடோன், ப்யூப்ரனோர்ஃபின் என்ற மருந்துகள் ஓபியாய்டு எனப்படும் இந்த ஓபியம் வகை மருந்துகளுக்கு அடிமையானவர்களுக்குக் கைகண்ட சிகிச்சை. சாவைக் குறைக்கும் மருந்துகள். ஆனால் பல ட்ரக் கோர்ட்டுகள் வருடக்கணக்கில் அவற்றைத் தடுத்தன. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்ற எண்ணம். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்திவிட்டு வா என்று ஒரு நீதிபதி சொன்னால் ஊரே எழுந்து நிற்கும். 2015 முதல் மத்திய அரசின் நிதி வாங்கும் கோர்ட்டுகள் இந்த மருந்தைக் காரணம் காட்டி ஆளைத் தள்ளக் கூடாது என்று நிபந்தனை வந்தது. 2022-இல் மத்திய அரசின் நீதித் துறை அமைச்சகமே, இப்படித் தடுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறுவது என்றே எழுதிக் கொடுத்தது. எங்கள் பையனுக்கு ப்யூப்ரனோர்ஃபின்தான் உயிர்க்கயிறு. நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிடும் சின்ன ஆரஞ்சுப் படலம். சீட்டுக் காகிதத்தைவிட மெலிசு.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். பையன் எட்டு வயதில் பெற்றோரோடு வந்தவன். க்ரீன் கார்டு இருக்கிறது. குடியுரிமை இல்லை. அண்ணி மனசு கேட்காமல், கோயிலில் பழக்கமான ஒரு பெண்ணின் மூலம் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பேசினார். அவர் முதலில் கேட்ட கேள்வி: "ஏதாவது கையெழுத்துப் போட்டாச்சா?" இல்லை என்றதும் அவர் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் எங்களுக்கே கேட்டது.

விஷயம் இதுதான். பல கவுண்டிகளில் ட்ரக் கோர்ட்டுக்குள் நுழைய முதலில் "குற்றம் செய்தேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டத்தை முடித்தால் மாநிலச் சட்டத்தின் கண்ணில் கேஸே இல்லை. ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கண் வேறு. 1996-இல் வந்த திருத்தத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டாலே அது தண்டனைத் தீர்ப்பு. பின்னால் தள்ளுபடி ஆனாலும் சரி, கைதட்டிச் சான்றிதழ் கொடுத்தாலும் சரி. போதைப்பொருள் வழக்கில் அப்படி ஒரு தீர்ப்பு இருந்தால் க்ரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்பதற்கு மட்டும் விலக்கு. நாலு நீல மாத்திரைக்கு விலக்கு இல்லை.

ஹோஸே பதீயா என்பவர் ஹோண்டுராஸில் பிறந்தவர். அமெரிக்க ராணுவத்துக்காக வியட்நாமில் போரிட்டவர். நாற்பது வருடத்துக்கு மேல் சட்டபூர்வமாக இங்கே வாழ்ந்தவர். கென்டக்கியில் லாரியில் கஞ்சா கொண்டுபோனதாகப் பிடிபட்டபோது, இத்தனை வருடம் இருந்துவிட்டீர்கள், குடியேற்றப் பிரச்சினை வராது என்று அவருடைய வக்கீல் சொன்னார். அதை நம்பி ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் வந்து நின்றது. 2010-இல் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் எங்கள் வக்கீல் கேட்கவில்லை. பையனின் ஆங்கிலத்தைக் கேட்டு இங்கே பிறந்தவன் என்று நினைத்திருக்கலாம். நாங்களும் சொல்லவில்லை. வெட்கம் பேசவிடவில்லை.

கடைசியில் குற்றவியல் வக்கீலும் குடியேற்ற வக்கீலும் சேர்ந்து அரசுத் தரப்பிடம் பேசி, ஒப்புக்கொள்ளாமலே போகும் டைவர்ஷன் வழியைக் கேட்டார்கள். வழக்கை அப்படியே நிறுத்திவைப்பது. ஒரு வருடம் சிகிச்சை, டெஸ்ட், வேலை அல்லது படிப்பு. முடித்தால் அரசுத் தரப்பே வழக்கை வாபஸ் வாங்கும். தவறினால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். கிடைக்க ஏழு வாரம் ஆனது. முதல் தடவை என்பதும், ஏற்கெனவே சிகிச்சையில் சேர்ந்துவிட்டான் என்பதும் உதவின. பணமும் உதவியது, அதை மறைக்கக் கூடாது. இரண்டு வக்கீலுக்குக் கொடுக்க அண்ணாவிடம் இருந்தது. கிடங்குச் சீருடையில் வந்த பெண்ணிடம் இருந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன்: ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை என்றால், அந்தக் கதவு ஒப்புதல் கையெழுத்துக்கு முன்னால் திறக்க வேண்டும். முடிந்தால் கைதுக்கே முன்னால். சியாட்டிலில் 2011 முதல் அப்படி ஒன்று நடக்கிறது. பிடித்த போலீஸ்காரரே ஆளை ஜெயிலுக்குப் பதிலாக ஒரு உதவியாளரிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறார். கோர்ட்டே இல்லை. அதில் சேர்ந்தவர்கள் மறுபடி கைதாகும் வாய்ப்பு, சேராதவர்களைவிட 58 சதவீதம் குறைவு என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மியாமியில் ஸ்டீவன் லைஃப்மன் என்ற நீதிபதி செய்ததும் இந்த வகைதான். 2000-ஆம் ஆண்டில் ஒரு வயதான தம்பதி அவரைத் தேடி வந்தார்கள். மகன் ஹார்வர்டில் படித்த மனநல மருத்துவர், இப்போது ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்ற மனநோய் வந்து தெருவில் இருக்கிறான், சின்னக் கேஸில் உங்கள் முன்னால் வரப்போகிறான், எப்படியாவது சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினார்கள். சரி என்றார். கோர்ட்டில் அந்த மகன் கண் முன்னாலேயே நிலைகுலைந்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டிய நீதிபதிக்கு அப்போதுதான் தெரிந்தது, அவரைச் சிகிச்சைக்கு அனுப்பத் தன்னிடம் எந்த அதிகாரமும் இல்லை என்று. தெருவுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அவமானத்திலிருந்து அவர் வேலையைத் தொடங்கினார். கவுண்டியில் அடிக்கடி கைதாகும் மனநோயாளிகள் 97 பேரை எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் சுமார் 2,200 கைது. ஜெயிலில் 27,000 நாள். அந்த 97 பேருக்கு வீடும் மருந்தும் கொடுத்திருந்தால் இதைவிடச் செலவு குறைந்திருக்கும் என்று கூட்டல் தெரிந்த யாருக்கும் புரியும். மனநோயாளிகளை எப்படிக் கையாள்வது என்று போலீஸ்காரர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மெம்ஃபிஸ் நகரில் 1988-இல் பிறந்த முறை அது. 2010 முதல் 2018 வரை மியாமி நகரப் போலீஸும் கவுண்டிப் போலீஸும் மனநோய் சம்பந்தமாகப் போன அழைப்புகள் 1,05,268. அதில் கைது 198. கவுண்டி ஒரு ஜெயிலையே மூடியது.

எங்கள் பையனுக்கு நிறம் பச்சை. முதல் மாதம் இரண்டு தடவை தூங்கிப்போய்ப் போன் பண்ணத் தவறினான். மூன்றாவது தவறினால் டைவர்ஷன் போய்விடும் என்று எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அண்ணா அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. அண்ணிதான் சொன்னார்.

போன மாசியில் ஒருநாள் அவர்கள் வீட்டில் தங்க நேர்ந்தது. பனி கொட்டி ரோடு அடைத்திருந்தது. விடிகாலை எழுந்து தண்ணீர் குடிக்க வந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. அண்ணா வேட்டி, ஸ்வெட்டரோடு நின்று போனைக் காதில் வைத்திருந்தார். மறுகையில் பேனா. பால்காரன் கணக்கு எழுதுகிற மாதிரி காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: நீலம், வெள்ளி, ஊதா, பச்சை, சிவப்பு, மஞ்சள். நவம்பரிலிருந்து ஒருநாள் விடாமல்.

என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார். கேட்டு முடித்து, எழுதி, படியேறிப்போய் மகனின் கதவைத் தட்டினார்.

"தம்பி, இன்னைக்குப் பச்சை. எந்திரிப்பா. பனி வாரணும், காரை எடுக்கணும். நானும் வர்றேன்."